பிப்ரவரியில் நாலு வாரம் பெர்லின்: குளிரையும் சமாளித்து, படமும் பார்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து பிப்ரவரி மாதம் முழுக்கப் பெர்லின் போகிறீர்கள். சமையலறையோடு கூடிய வாடகை அறை. ஜெர்மன் தெரியாது. மாலையிலும் சனி, ஞாயிறிலும் படம் பார்க்க ஆசை, அந்த மாதம் நடக்கும் பெர்லினாலே திரைப்பட விழாவிலும் சில படங்கள். மூன்றாம் வாரம் மனைவியும் எட்டு வயதுப் பையனும் வந்து சேர்கிறார்கள். குளிருக்குப் பயந்து எல்லோரும் அறைக்குள்ளேயே முடங்கிவிடுவோமோ என்பது உங்கள் கவலை. எந்தக் கோட்டு வாங்குவது என்று ஒரு வரியில் கேட்டிருந்தாலும், உண்மையான கேள்வி அந்த ஊரில் ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான். படங்களுக்கு நடுவே இருக்கும் நேரத்தை எங்கே, எப்படிக் கழிப்பது என்று திட்டமிட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். நம்மவர்கள் எல்லோரும் படப் பட்டியலைத்தான் திட்டமிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தை மறந்துவிட்டு, மூன்றாம் நாளே தொண்டைக் கட்டோடு படுத்துவிடுகிறார்கள்.

குளிரின் அளவு முதலில். பிப்ரவரியில் பெர்லினில் பகலில் 4, 5 டிகிரி, இரவில் பூஜ்யத்தை ஒட்டி ஓரிரு டிகிரி கீழே, இதுதான் சராசரி. சில ஆண்டுகளில் கிழக்கிலிருந்து காற்று வீசும் வாரங்களில் மைனஸ் 10 வரை போகும். ஊட்டியில் ஜனவரி இரவு உறைபனி விழுவதைப் பார்த்திருந்தால் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஊட்டியில் பகலில் வெயில் வரும், வீட்டுக்குள் குளிரும். பெர்லினில் நேர்மாறு: வெளியே நாள் முழுக்கச் சாம்பல் நிற வானம், உள்ளே எங்கு போனாலும் 20 டிகிரிக்கு மேல். வீடு, ரயில், கடை, அலுவலகம், திரையரங்கு எல்லாமே சூடு. ஒரு நாளில் பத்து முறையாவது இந்தப் பதினைந்து, இருபது டிகிரி வித்தியாசத்தைத் தாண்டுவீர்கள். உடம்பைப் படுத்துவது இந்தத் தாண்டல்தான், வெறும் குளிர் அல்ல. மாத நடுவில் சூரியன் ஏழே காலுக்கு மேல் உதித்து, மாலை ஐந்தே காலுக்கெல்லாம் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரே ஒரு தடிமனான உடையைவிட, கழற்றிக் கழற்றிப் போடக்கூடிய மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உடம்போடு ஒட்டிய அடுக்கு மெரினோ கம்பளியிலோ, விளையாட்டு உடைகளின் செயற்கை இழையிலோ இருக்கட்டும். பருத்தி பனியன் வேண்டாம். சூடான ரயிலில் வியர்த்தால் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே வந்ததும் அந்த ஈரம்தான் முதுகைச் சில்லிட வைக்கும். நடு அடுக்கு ஃப்ளீஸ் அல்லது மெல்லிய ஸ்வெட்டர். மேலே காற்று புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் கோட்டு. தெர்மல் பேன்ட் மைனஸ் நாட்களுக்கு மட்டும் போதும். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் அரங்கில் உட்கார்ந்தால் தொடையெல்லாம் அரிக்கும். கோட்டைச் சென்னையில் அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து பெர்லின் கடைகளில் குளிர்கால உடைகளுக்குத் தள்ளுபடி நடக்கும். ஃப்ராங்க்ஃபுர்ட்டர் டோர் சந்திப்பில் ஹுமானா என்ற பல மாடிப் பழந்துணிக் கடை இருக்கிறது, நல்ல கம்பளிக் கோட்டுகள் அங்கே மலிவு. விமான நிலையத்திலிருந்து அறை வரைக்கும் தாங்க ஒரு ஜாக்கெட் கையில் இருந்தால் போதும்.

பணத்தைக் காலணிக்குச் செலவிடுங்கள். அரை அளவு பெரிதாக, கம்பளிச் சாக்ஸோடு விரல்கள் அசையும்படி இருக்க வேண்டும். இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் அதிகமாகக் குளிரும். அடிப்பாகம் ரப்பராக, ஆழமான வரிகளோடு இருக்கட்டும். பெர்லினில் வீட்டுக்காரர்கள் நடைபாதையில் உப்புத் தூவக் கூடாது; மரங்களும் நாய்களின் பாதங்களும் பாதிக்கப்படும் என்பதால் பொடிக்கல்லைத்தான் தூவுவார்கள். அது வழுக்கலைக் குறைக்குமே தவிர பனிக்கட்டியைக் கரைக்காது. பகலில் கொஞ்சம் உருகி இரவில் மறுபடி உறையும் நாட்களில் பெரிய சாலையைவிடக் குறுக்குத் தெருவின் நடைபாதைதான் ஆபத்து. அன்றைக்குச் சின்னச் சின்ன அடிகளாக, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நடங்கள். கை இரண்டும் கோட்டுப் பையில் இருந்தால் விழும்போது ஊன்ற முடியாது, கையுறை போடச் சொல்வது அதற்காகவும்தான்.

அறைக்குள் நம்மவர்கள் தடுமாறும் இடம் ரேடியேட்டர். அதன் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். அது கேஸ் அடுப்பின் திருகு மாதிரி தீயைக் கூட்டுவதல்ல, எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம். 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, நிறுத்தாமல் சூடேறிக்கொண்டே போகும். பகலில் 3, தூங்கும்போது 2 போதும். ஜன்னல் கைப்பிடி கீழ் நோக்கி இருந்தால் மூடியிருக்கிறது. கிடைமட்டமாகத் திருப்பினால் கதவு போல முழுதாகத் திறக்கும். மேல் நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் சாயும். காற்றோட்டத்துக்கென்று நாள் முழுக்கச் சாய்த்து வைக்காதீர்கள். சுவர் குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து பூசணம் பிடிக்கும், வீட்டுக்காரரோடு தகராறும் வரும். ரேடியேட்டரை மூடிவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம், பிறகு மூடிவிட வேண்டும்; இப்படி நாளைக்கு இரண்டு மூன்று முறை. சமைத்த பிறகும் குளித்த பிறகும் கட்டாயம்.

தாளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெர்லினில் படுக்கையறை, வரவேற்பறை, நடைவழி எல்லாவற்றிலும் புகை உணரும் கருவி சட்டப்படி கட்டாயம். சமையலறையும் படுக்கையறையும் ஒன்றாக இருக்கும் சின்ன வீட்டில் காய்ந்த மிளகாய் தாளித்தால் அது அலறும். அதைக் கழற்றி வைப்பது தவறு. எண்ணெய் புகையும் வரை காயவிடாமல், மூடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள். மளிகைக்குத் துருக்கிக் கடைகள் நமக்கு நெருக்கம்: கொத்தமல்லி கட்டுக் கட்டாக, வெண்டைக்காய், கத்தரிக்காய், பச்சை மிளகாய், வாளித் தயிர் எல்லாம் கிடைக்கும். செவ்வாயும் வெள்ளியும் மைபாக்உஃபர் கால்வாய்க் கரையில் கூடும் சந்தையும் அப்படித்தான், சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். கறிவேப்பிலை இந்திய, இலங்கைக் கடைகளில்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். மத்திய ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளும், ஷ்பேட்டி எனப்படும் தெருமுனைக் கடைகளும்தான் பெரும்பாலும் திறந்திருக்கும். முதல் வாரம் இதை மறந்து, ஞாயிறு காலை பாலுக்கு அலையாதவர் குறைவு. தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் அகன்ற வாய் டப்பாவில் கொண்டுபோங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டும் வராது.

இனிப் படம். முதலில் மொழி. ஜெர்மனியில் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் ஜெர்மன் குரல் கொடுத்துத்தான் திரையிடுவார்கள், ஹாலிவுட் படமும் அப்படியே. ஆகவே காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். ஓ.வி. என்றால் மூல மொழி, சப்டைட்டில் கிடையாது. ஓ.எம்.யு. என்றால் மூல மொழியோடு ஜெர்மன் சப்டைட்டில். ஓ.எம்.இ.யு. என்றால் மூல மொழியோடு ஆங்கில சப்டைட்டில். எழுத்து எதுவும் இல்லையென்றால் ஜெர்மன் குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படம் ஓ.எம்.யு.வில் ஓடினால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, காது ஆங்கிலத்தைக் கேட்கும். அதே ஓ.எம்.யு.வில் கொரியப் படத்துக்குப் போனால் ஒன்றும் புரியாது.

எங்கே போவது என்பதில் பழைய பயணக் குறிப்புகளை நம்பாதீர்கள். ஆங்கிலப் படங்களுக்கென்றே பெயர் வாங்கிய போட்ஸ்டாமர் ப்ளாட்ஸ் சினிஸ்டார் அரங்கு 2019 டிசம்பர் கடைசி நாளோடு மூடப்பட்டது. இன்றும் பல பக்கங்களில் அதைத்தான் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அர்ஸெனால் என்ற கலைப்பட அரங்கும் 2024 கடைசியில் போட்ஸ்டாமர் ப்ளாட்ஸை விட்டுக் கிளம்பி, வெட்டிங் பகுதியில் முன்பு தகன மேடையாக இருந்த சைலண்ட் கிரீன் வளாகத்துக்குப் போய்விட்டது. கார்ல் மார்க்ஸ் அல்லே சாலையில் 1963-இல் திறந்த கினோ இன்டர்நேஷனல் 2024-இல் சீரமைப்புக்காக மூடப்பட்டது, போகும் முன் அதன் இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூல மொழிப் படங்களுக்கு நோய்க்யோல்ன் பகுதியின் ரோல்பெர்க், ஷ்யோனெபெர்க் பகுதியின் ஓடியான் இரண்டும் நம்பகமானவை. இரண்டும் யோர்க் குழுமத்தைச் சேர்ந்தவை. ஒரே ஓர் அரங்குக்குத்தான் போக முடியும் என்றால் ரோசா லக்சம்புர்க் ப்ளாட்ஸில் உள்ள பாபிலோனுக்குப் போங்கள். ஹன்ஸ் ப்யோல்சிக் வடிவமைத்து 1929-இல் திறந்த அரங்கு அது. மௌனப்படக் காலத்து ஆர்கன் வாத்தியம் இன்னும் அங்கே இருக்கிறது, அதை வாசித்துக்கொண்டே மௌனப் படங்களைத் திரையிடுகிறார்கள். மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல மாலை வாய்க்காது.

அரங்க வழக்கங்களில் நமக்கு வித்தியாசமாகப் படுபவை சில. இடைவேளை கிடையாது, மூன்று மணி நேரப் படமானாலும். சாதாரண நாட்களில் அச்சிட்ட நேரத்துக்குப் பிறகு விளம்பரமும் முன்னோட்டமுமாக இருபது, முப்பது நிமிடம் ஓடும். சூடான உடைகளைக் கழற்றி ஒழுங்கு செய்துகொள்ள அந்த நேரம் சரியாக இருக்கும். கையுறை, தொப்பி, மஃப்ளர் மூன்றையும் கோட்டின் ஒரு கைக்குள் திணித்துவிடுங்கள். தனித்தனியாக மடியில் வைத்தால் இருட்டில் ஒரு கையுறையாவது சீட்டுக்கு அடியில் போய்விடும். சில அரங்குகளில் கோட்டுகளை வாங்கி வைக்கும் இடம் உண்டு, ஓரிரு யூரோ சில்லறையாகக் கேட்பார்கள். பாப்கார்ன் என்று மட்டும் சொன்னால் இனிப்புதான் வரும், உப்பு வேண்டுமென்றால் சொல்லிக் கேட்க வேண்டும். பியர் பாட்டிலோடு உள்ளே உட்காருவது அங்கே இயல்பு. கண்ணாடி அணிபவர் உள்ளே நுழைந்ததும் அது மூடுபனி பிடிக்கும், துடைத்தாலும் மறுபடி பிடிக்கும். கண்ணாடி அறை வெப்பத்துக்கு வர இரண்டு நிமிடம் விட்டுப் பிறகு துடையுங்கள். டிக்கெட் 10 முதல் 15 யூரோ வரை. பல அரங்குகளில் வாரத்தில் ஒரு நாள் மலிவு நாள், அது அரங்குக்கு அரங்கு வேறுபடும். நீளமான படத்துக்கு மல்டிபிளெக்ஸ்கள் தனிக் கட்டணம் சேர்ப்பதுண்டு. தமிழ்ப் படத்துக்கு வலைத்தளத்தில் போட்டதைவிட அதிகம் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம், நீளக் கட்டணமாக இருக்கும்.

பையன் வருவதால் இதைக் கவனமாகப் படியுங்கள், டிக்கெட் வாங்கிய பிறகு வாசலில் திருப்பி அனுப்பப்படும் குடும்பங்கள் இதில்தான் சிக்குகின்றன. ஜெர்மனியில் படங்களுக்கு 0, 6, 12, 16, 18 என்று வயது வரம்பு முத்திரை உண்டு. 12 முத்திரை போட்ட படத்துக்கு ஆறு வயது நிரம்பிய பிள்ளையைப் பெற்றோர் கூட்டிப் போகலாம். 16 முத்திரைக்கு அந்தச் சலுகை இல்லை, அப்பாவே கையைப் பிடித்துக்கொண்டு போனாலும் விடமாட்டார்கள். எந்த முத்திரையும் வாங்காத படம் சட்டப்படி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். இந்தியப் படங்களைச் சில காட்சிகளுக்கு மட்டும் எடுத்து வெளியிடும் விநியோகஸ்தர்கள் பல நேரம் முத்திரைக்கு விண்ணப்பிப்பதில்லை. அதனால் இந்தியாவில் யு சான்றிதழ் பெற்ற குடும்பப் படம்கூட அங்கே 18 ஆகிவிடும். டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே வரம்பைப் பார்த்துவிட்டு எடுங்கள், பையனின் பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். தமிழ்ப் படங்கள் வழக்கமாக வெளியீட்டு வார இறுதியில் ஒன்றிரண்டு காட்சிகள்தான் ஓடும், சாதாரண டிக்கெட்டைவிட விலை கூடுதல்.

விழாவுக்கு வருவோம். பெர்லினாலே 1951-இல் தொடங்கியது, 1978-இல்தான் கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு மாறியது. கான் விழாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இங்கே பொதுமக்களுக்குத் தாராளமாக டிக்கெட் விற்கிறார்கள். சிபாரிசோ அழைப்போ வேண்டாம். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024-இல் ஃபோரம் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது இந்த விழாவில்தான். அந்தக் காட்சிகளுக்கும் பொதுமக்கள் டிக்கெட் வாங்க முடிந்தது. அண்மை ஆண்டுகளில் விற்பனை இணையத்தில்தான்: பெரும்பாலான காட்சிகளுக்கு மூன்று நாள் முன்னதாக, பெர்லின் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நம்மூர் நேரம் பிற்பகல் இரண்டரை. விலை 15 யூரோவைச் சுற்றி, போட்டிப் பிரிவுக்குச் சற்றுக் கூடுதல். நாள், நேரம், விலை மூன்றும் ஆண்டுக்காண்டு மாறுபவை, விழாவின் தளத்தில் அந்த ஆண்டுக் குறிப்பைப் பார்த்தே நம்புங்கள். மாறாதது ஒன்று: புகழ்பெற்ற நடிகர் வரும் முதல் காட்சி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதே படத்தின் மறுகாட்சி மறுநாள் காலை நேரத்தில் எளிதாகக் கிடைக்கும். படம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் மறுகாட்சியைக் குறிவையுங்கள்.

இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் டிக்கெட்டைக் கோட்டை விடுவது ஓ.டி.பி.யில். வரிசையில் காத்திருந்து, கூடையில் டிக்கெட் விழுந்து, பணம் கட்டும் இடத்தில் ஓ.டி.பி. உங்கள் சென்னை எண்ணுக்குப் போகும். அந்த சிம் அறையில் கிடக்கும். நேரம் முடிந்து டிக்கெட் கூடையிலிருந்து போய்விடும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். சென்னை சிம்மில் ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள். விழாத் தளத்தில் கணக்கைத் தொடங்கி, ஏதாவது ஒரு சாதாரண அரங்கில் சின்ன டிக்கெட் ஒன்றை எடுத்து அட்டை வேலை செய்கிறதா என்று சோதித்துவிடுங்கள். தீர்ந்துவிட்டது என்று காட்டும் காட்சிக்கும் கடைசி நாளில் திரும்பி வந்த டிக்கெட்டுகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும், இரவில் ஒரு முறை, காலையில் ஒரு முறை பார்ப்பது வீண் போகாது.

விழாக் காட்சியில் விளம்பரம் கிடையாது, குறித்த நேரத்தில் தொடங்கிவிடுவார்கள், தாமதமானால் கதவு திறக்காமலும் போகலாம். டிக்கெட்டில் இருக்கை எண் இல்லையென்றால் அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எந்த மொழி, எந்த சப்டைட்டில் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும். விழாவில் ஆங்கிலம் பெரும்பாலும் உண்டு. விழாப் படங்கள் பெரும்பாலும் வயது முத்திரை வாங்காதவை என்பதால் பையனுக்கு ஜெனரேஷன் என்ற சிறுவர் பிரிவுதான் வழி. அதில் ஒவ்வொரு படத்துக்கும் பரிந்துரைக்கும் வயது போட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான படங்களில் ஒருவர் அரங்கிலேயே உட்கார்ந்து மைக்கில் வசனங்களை ஜெர்மனில் வாசிப்பது வழக்கம். மூல ஒலியின் மேல் அது கேட்டுக்கொண்டே இருக்கும், ஆங்கில சப்டைட்டில் கீழே ஓடும். தெரியாமல் போனால் எரிச்சல் வரும், தெரிந்து போனால் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

நான் தொடக்கத்தில் சொன்ன நடு நேரத்துக்கு இப்போது வருகிறேன். யூ 2 என்ற சுரங்க ரயில் பாதையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாபிலோனுக்கான ரோசா லக்சம்புர்க் ப்ளாட்ஸ், க்யூபிக்ஸ் அரங்குள்ள அலெக்ஸாண்டர் ப்ளாட்ஸ், விழாவின் முதன்மை அரங்கான பெர்லினாலே பாலஸ்ட் உள்ள போட்ஸ்டாமர் ப்ளாட்ஸ், ஸூ பாலஸ்ட், டெல்ஃபி அரங்குகள் உள்ள ஸூ நிலையம், எல்லாம் இந்த ஒரே பாதையில் வருகின்றன. போட்ஸ்டாமர் ப்ளாட்ஸிலிருந்து எந்தப் பக்கமும் ரயிலில் கால் மணி நேரத்துக்குள்தான். முதல் வாரம் இந்தப் பாதையில் இருக்கும் அரங்குகளை மட்டும் எடுங்கள். ஒரே கட்டடத்தில் அடுத்த படம் என்றால் 45 நிமிட இடைவெளி போதும். வேறு இடம் என்றால் ஒன்றரை மணி நேரம் விடுங்கள்: படம் முடிந்து இயக்குநரோடு கேள்வி பதில் இருபது நிமிடம் இழுக்கும், கழிப்பறை வரிசை, ரயில், சாப்பாடு எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தைத் தெருவில் கழிக்காதீர்கள். போட்ஸ்டாமர் ப்ளாட்ஸுக்குப் பக்கத்திலேயே மால் ஆஃப் பெர்லின் இருக்கிறது. சற்று நடந்தால் கெமெல்டே காலரி என்ற ஓவியக் கூடம், திங்கள் விடுமுறை. உங்கள் அறை தெற்குப் பக்கம் என்றால் ஹல்லெஷெஸ் டோர் நிலையம் அருகில் அமெரிக்க நினைவு நூலகத்தில் உறுப்பினர் அல்லாதவரும் உட்கார்ந்து படிக்கலாம்.

உடைக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையப் படிகளில் இறங்கும்போதே கோட்டு ஜிப்பைத் திறந்துவிடுங்கள், பெட்டிக்குள் போய் வியர்த்த பிறகு திறப்பதில் பயன் இல்லை. அரங்கில் நடு அடுக்கையும் கழற்றுங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பலர் எழுந்திருக்க மாட்டார்கள், நீங்களும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, உள்முற்றத்திலேயே ஜிப்பை ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள். போனை வெளிப்பையில் வைக்காதீர்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சட்டென்று இறங்கும், 30 சதவீதம் காட்டிய போன் வாசலில் அணைந்தால் டிக்கெட் அதற்குள்தான் இருக்கிறது.

பயணச் சீட்டு: பெர்லினுக்கு ஏ, பி, சி என மூன்று வளையங்கள். நகருக்குள் ஏபி போதும், விமான நிலையம் சி வளையத்தில் இருப்பதால் அன்றைக்கு மட்டும் ஏபிசி. ஒற்றைச் சீட்டு சுமார் 4 யூரோ, இரண்டு மணி நேரம், ஒரே திசையில். அதே சீட்டில் திரும்பி வரக் கூடாது. நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, அதனால் யாரும் பார்ப்பதில்லை என்று தோன்றும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்களிடம் மாட்டினால் 60 யூரோ. காகிதச் சீட்டை மேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்தாவிட்டாலும் அதே அபராதம். மாதம் முழுக்க இருப்பதால் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற, ஜெர்மனி முழுக்க உள்ளூர்ப் போக்குவரத்தில் செல்லும் மாதச் சீட்டு உங்களுக்கு லாபம், 2026-இல் மாதம் 63 யூரோ. அது சந்தா முறை என்பதை மறக்கக் கூடாது: பிப்ரவரி 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் மார்ச்சுக்குப் பணம் பிடிக்காது. சில செயலிகள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்கும், வெளிநாட்டு அட்டையை ஏற்கும் செயலியாகப் பார்த்து எடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் யூ பாதைகள் விடிய விடிய ஓடும், மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பின் சற்று நேரத்தில் நின்று இரவுப் பேருந்துகள் தொடங்கும். குளிர்காலத்தில் ஊதியப் பேச்சுவார்த்தையை ஒட்டி யூ ரயில், டிராம், பேருந்து எல்லாம் ஒரு நாள் நிற்பதுண்டு. நகரையும் புறநகரையும் இணைக்கும் எஸ் ரயில் வேறு நிறுவனத்துடையது என்பதால் அன்றும் பெரும்பாலும் ஓடும். போட்ஸ்டாமர் ப்ளாட்ஸ், அலெக்ஸாண்டர் ப்ளாட்ஸ், ஸூ மூன்றிலும் எஸ் ரயில் நிற்கும்.

எத்தனை படம் பார்க்கலாம் என்பது என் கருத்துதான், விதி அல்ல. வேலை நாளில் ஒன்று, விடுமுறையில் இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. நாலாவது படத்தில் சப்டைட்டில் கண்ணில் ஓடும், மனதில் ஒட்டாது. வந்த மூன்று நாட்களுக்கு இரவுக் காட்சியே வேண்டாம். நேர வித்தியாசம் நாலரை மணி, பெர்லினில் மாலை ஏழு என்றால் உங்கள் உடம்புக்கு இரவு பதினொன்றரை. அரங்கின் சூட்டில் பத்தாவது நிமிடம் கண் மூடிவிடும்.

உடல்நலத்தில் பொதுவாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சூடேற்றிய அறைக் காற்று வறண்டிருக்கும், தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். உதட்டுக்கும் கைக்கும் களிம்பு தேவை. பாராசிட்டமால்கூட மருந்துக் கடையில்தான் கிடைக்கும், பல்பொருள் அங்காடியில் கிடைக்காது. ஞாயிறன்று முறை வைத்து ஒரு சில மருந்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117, உயிர் ஆபத்துக்கு 112. பையனுக்கு வீசிங், ஆஸ்துமா இருந்தால் குளிர் காற்று அதைத் தூண்டலாம், அதற்கு என் பதிலை நம்பாமல் கிளம்பும் முன் அவனுடைய மருத்துவரைக் கேளுங்கள். இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள். விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் முன்பே இருந்த நோய்கள் அடங்குமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் அடங்காது.

குடும்பம் வந்த பிறகு வார இறுதியில் ஒரு வேளையாவது நம்மூர் முகங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், பிரிட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. யூ 7 பாதையில் ப்ளாஷ்கோ அல்லே நிலையத்தில் இறங்க வேண்டும். நடை திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். செருப்பை வெளியே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அன்றைக்குக் கம்பளிச் சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.